முதல் மூன்று மாதம்: ஊருக்குச் சொல்லாவிட்டாலும் மிஸ்ஸுக்குச் சொல்லுங்கள்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றால் மூன்று மாதம் கழியும்வரை அதை வெளியில் விடுவதில்லை. தாய்க்குத் தெரியும், மாமிக்குத் தெரியும், அவ்வளவுதான். கண்ணூறு படும் என்பார்கள். இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கரு கலைவதென்றால் பெரும்பாலும் இந்த மூன்று மாதங்களுக்குள்தான் கலைகிறது. ஊருக்குச் சொல்லிவிட்டால் பிறகு ஒவ்வொரு படலையிலும் நின்று விளக்கம் சொல்ல வேண்டும். இழப்புகளை எண்ணி முடியாத ஊர்களில் இந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் பிள்ளையின் மூளை, முள்ளந்தண்டு, இருதயம், கை, கால் எல்லாம் உருவாவதும் அதே மூன்று மாதங்களுக்குள்தான். நான்காம் மாதத்தில் கிளினிக்குக்கு வருகிற தாய்க்கும் நிறையச் செய்யலாம். ஆனால் சில வேலைகளுக்குரிய காலம் அதற்குள் கடந்துபோயிருக்கும். ஆகவே ஊருக்குச் சொல்லாதீர்கள், பரவாயில்லை. உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தருக்கு, நீங்கள் ‘மிஸ்’ என்று கூப்பிடுகிற அவருக்கு, எட்டாவது கிழமைக்கு முன்னர் சொல்லிவிடுங்கள்.

நான் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் 26 வருடங்கள் அந்த வேலையைச் செய்து ஓய்வு பெற்றவள். 2009இல் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இப்போது தாய்மார். அவர்கள் கையில் கைத்தொலைபேசி இருக்கிறது. கர்ப்பகாலம் பற்றி எவ்வளவோ வாசிக்கிறார்கள். ஆனால் அங்கே எழுதப்பட்டிருப்பது காயம் படாத உடம்புகளைப் பற்றி. உள்ளே ‘பீஸ்’ இருக்கிற உடம்பு, ஒரு காலை இழந்த உடம்பு, இடம்பெயர்வில் தடுப்பூசி அட்டையைத் தொலைத்த உடம்பு முதல் மாதங்களில் எதை எதிர்பார்க்க வேண்டும் என்று எழுதியவர்கள் குறைவு. பொதுவான விடயங்களோடு அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நாள் கணக்கு

கர்ப்பத்தின் வயதை உறவு வைத்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். அந்தக் கணக்கில் மொத்தம் 40 கிழமைகள், 280 நாட்கள். கடைசி மாதவிடாய் தை 10ஆம் திகதி தொடங்கியிருந்தால் ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டுங்கள். ஐப்பசி 17 வரும். அன்றுதான் பிறக்கும் என்பதல்ல, அதை அண்டிப் பிறக்கும். கலண்டரில் ஒவ்வொரு மாதமும் ஒரு புள்ளி போட்டு வைப்பவளுக்கு இந்தக் கேள்வியில் சிக்கல் இல்லை.

இந்தக் கணக்கின்படி, மாதவிடாய் வர வேண்டிய நாளில் வராமல் போகும்போதே நான்கு கிழமைகள் ஆகிவிடும். பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய் ஆறாவது கிழமையளவில் மூடிவிடுகிறது. அதாவது, “இந்த மாதம் கொஞ்சம் பிந்துது” என்று நினைத்துக்கொண்டிருக்கும் இரண்டு கிழமைகளுக்குள் அந்த வேலை முடிந்துவிடும். போலிக் அமிலக் குளிசையைப் பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே தொடங்கச் சொல்வது இதனால்தான். புதிதாகக் கலியாணம் முடித்தவர்கள் மிஸ்ஸிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டு வாங்கலாம், காசு இல்லை. தொடங்காதவர்கள் தெரிந்த அன்றே தொடங்குங்கள்.

மாதவிடாய் தவறுவதையே ஒரு அறிகுறியாக எடுக்காத பெண்கள் எங்களிடம் அதிகம். முகாம் வாழ்க்கையில் மாதக்கணக்காக மாதவிடாய் நின்றுபோனதாக என்னிடம் சொன்னவர்கள் பலர். பசியும் பயமும் அதைச் செய்யும். சிலருக்கு அதன் பிறகு ஒழுங்காக வரவேயில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மூன்று மாத ஊசி போட்டு நிறுத்தியவர்களுக்கும் சில மாதங்கள் வராமல் இருக்கும். இப்படிப்பட்டவர்கள் ஓங்காளம், மார்பு நோ, காரணமில்லாத களைப்பு வந்தால் நாளைக் கடத்தாமல் சிறுநீர்ச் சோதனை செய்துவிடுங்கள். காலையில் முதற்போகும் சிறுநீர் நல்லது. இல்லை என்று காட்டியும் மாதவிடாய் வராவிட்டால் ஒரு கிழமை கழித்துத் திரும்பச் செய்யுங்கள். திகதி தெரியாதவர்களுக்கு 11 முதல் 13 கிழமைக்குள் எடுக்கும் ஸ்கானில் வயதை நன்றாகக் கணிக்கலாம். பிந்தப் பிந்த அந்தக் கணிப்பின் துல்லியம் குறையும்.

உடம்பு என்ன செய்யும்

முதலில் வருவது களைப்பு. வேலை செய்து வரும் களைப்பு மாதிரியல்ல. பகல் பத்து மணிக்கே பாயைத் தேட வைக்கும். மார்பு கனக்கும், தொட்டால் நோகும். அடிக்கடி சலம் போகும். மலச்சிக்கல், நெஞ்செரிவு, எழும்பும்போது தலைச்சுற்று, ஒன்றுமில்லாததற்கு அழுகை, இவையெல்லாம் வரலாம். கருவைத் தாங்கி வைக்கும் ஹோர்மோன்களின் வேலை இது. சோம்பலோ நடிப்போ அல்ல. வீட்டில் உள்ள ஆண்களும் மாமிமாரும் இந்த வரியை வாசிக்க வேண்டும்.

ஓங்காளமும் சத்தியும் ஆறாவது கிழமையளவில் தொடங்கி, ஒன்பதாவது கிழமையளவில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்கு நான்காம் மாதத்தில் தணியும். தாளிதம், மீன் வெட்டும் மணம், மண்ணெண்ணெய் மணம் எல்லாம் குமட்டும். படுக்கையை விட்டு எழும்ப முன்னர் ஒரு ரஸ்க் அல்லது காய்ந்த பிஸ்கற் சாப்பிடுவது, மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரிப்பது, இஞ்சித் தேநீர் ஆகியவை பலருக்கு உதவும். சத்தியே வராதவர்களும் உண்டு; பிள்ளை சரியில்லையோ என்று அதற்காக யோசிக்க வேண்டாம். ஆனால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, சலம் கடும் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகிறது, எழும்பி நிற்க முடியவில்லை என்றால் அது சாதாரண சத்தி அல்ல. வைத்தியசாலைக்குப் போங்கள். சேலைன் ஏற்றுவார்கள். கர்ப்பகாலத்தில் கொடுக்கக்கூடிய சத்தி மருந்துகளும் இருக்கின்றன. “எல்லாரும் சத்தி எடுத்துத்தானே பெத்தனாங்கள்” என்று வீட்டில் வைத்திருந்து நீர்வற்றிப் போன பிறகு கொண்டுவந்த பெண்களை நான் கண்டிருக்கிறேன்.

முதல் கிளினிக்

மிஸ் உங்களைப் பதிந்து ஒரு அட்டை தருவார். அதன் மற்றப் பிரதி அவரிடம் இருக்கும். உயரம், நிறை, பிரஷர் பார்ப்பார்கள். இரத்தத்தில் குருதி வகை, ஹீமோகுளோபின், சீனி, சிபிலிஸ், எச்.ஐ.வி. சோதிப்பார்கள். சலத்தில் புரதமும் சீனியும் பார்ப்பார்கள். பல் வைத்தியரிடமும் அனுப்புவார்கள். முரசில் இரத்தம் வருவது இந்தக் காலத்தில் கூடும்.

எச்.ஐ.வி. என்றவுடன் சிலர் முகம் மாறும். அது எல்லாத் தாய்மாருக்கும் செய்யப்படும் சோதனை. உங்களையோ கணவரையோ சந்தேகித்து அல்ல. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று இலங்கைக்கு 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது, இப்படி எல்லோரையும் சோதித்ததால்தான்.

ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் குருதிச்சோகை. குருதி வகை ‘நெகற்றிவ்’ என்றால் அதை மனப்பாடமாக வைத்திருங்கள். இடையில் இரத்தம் பட்டால் வைத்தியசாலையில் முதலில் சொல்ல வேண்டிய விடயம் அது. அதற்கென்று ஒரு ஊசி தேவைப்படலாம்.

வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில் சிறுநீரக நோய் பரவலாக உள்ளது. அந்த நோயாளிகள் உள்ள குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அதையும் சொல்லுங்கள்; சிறுநீரகச் சோதனையை ஆரம்பத்திலேயே செய்வது நல்லது.

தடுப்பூசி அட்டை மெனிக் பாமுக்கு வந்து சேராத பெண்கள் ஆயிரக்கணக்கில். எந்த ஊசி போட்டது என்று தாய்க்கும் ஞாபகமில்லை, அல்லது கேட்பதற்குத் தாயே இல்லை. “எல்லாம் போட்டிருப்பினம்” என்று ஊகித்துச் சொல்லாதீர்கள். தெரியாது என்றே சொல்லுங்கள். ஏற்புத் தடுப்பூசியை 12 கிழமைக்குப் பிறகு புதிதாகத் தொடங்கலாம். ருபெல்லா ஊசி மட்டும் கர்ப்பமான பின் போடக்கூடாது. கர்ப்பமாக முன்னர் போட வேண்டியது அது. இன்னும் கர்ப்பமாகாமல் இதை வாசிப்பவர்கள் இப்போதே விசாரியுங்கள்.

கலியாணப் பதிவு இல்லை, கணவர் விட்டுப்போய்விட்டார், இரண்டாவது துணை என்று தயங்கி வராமல் இருப்பவர்களும் உண்டு. கிளினிக்கில் பார்ப்பது கர்ப்பத்தை. விவாகப் பத்திரம் இல்லாததால் சிகிச்சை இல்லாமல் போகாது.

காயங்களைப் பற்றி

அட்டையில் முந்திய நோய்கள், சத்திரசிகிச்சைகள் என்று ஒரு இடம் இருக்கிறது. எங்கள் பெண்களில் பலர் அங்கே “ஒண்டுமில்லை மிஸ்” என்பார்கள். பிறகு பிரஷர் பார்க்கச் சட்டைக் கையை உயர்த்தும்போது தழும்பு தெரியும்.

ஒருவரை நினைவிருக்கிறது. ஒன்பதாவது கிழமை, முதற் பிள்ளை. இடது விலாவுக்குக் கீழே நீளமான வெட்டுத் தழும்பு. புதுமாத்தளனில் செல் பட்டு, கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றப்பட்டு, எங்கோ ஒரு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது. வயிற்றில் என்ன செய்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. பொலித்தீன் பையில் மடித்து வைத்திருந்த ஒரு துண்டைக் கொண்டுவரச் சொன்னேன். மண்ணீரல் அகற்றப்பட்டது என்று ஆங்கிலத்தில் இருந்தது. மண்ணீரல் இல்லாதவர்களுக்குச் சில கிருமிகள் மிக வேகமாக இரத்தத்தில் பரவும். அவர்களுக்கென்று தடுப்பூசிகள் இருக்கின்றன. சாதாரணக் காய்ச்சலைக்கூட வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது. ஏழு வருடங்களாக யாரும் அவருக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. கர்ப்பகாலக் கிளினிக்குதான் அதை வெளியில் கொண்டுவந்தது.

ஆகவே எந்த மொழியில் இருந்தாலும், எவ்வளவு கிழிந்திருந்தாலும், வைத்தியசாலைத் துண்டுகளை எடுத்துக்கொண்டு போங்கள். துண்டு இல்லையென்றால் தழும்பைக் காட்டுங்கள்.

உடம்புக்குள் பீஸ் இருப்பவர்கள்: கர்ப்பகால ஸ்கான் ஒலியலையால் எடுக்கப்படுவது. அது பீஸையும் ஒன்றும் செய்யாது, பிள்ளையையும் ஒன்றும் செய்யாது, பயமில்லாமல் எடுக்கலாம். எம்.ஆர்.ஐ. வேறு. அது பெரிய காந்தம். உள்ளே இரும்புத் துண்டு இருந்தால் அசைக்கும். யாராவது எம்.ஆர்.ஐ. எழுதினால் பீஸ் இருப்பதை வாய்திறந்து சொல்ல வேண்டும். எக்ஸ்ரே எடுக்க முன்னர் கர்ப்பம் என்று சொல்ல வேண்டும். உள்ளே இருப்பது துப்பாக்கிச் சன்னம் என்றால், முக்கியமாக மூட்டுக்குள் என்றால், அதில் உள்ள ஈயம் மெல்ல மெல்ல இரத்தத்தில் கலக்கலாம். ஈயம் பிள்ளைக்குக் கூடாது. எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. ஆனால் மருத்துவருக்குத் தெரிந்தால் இரத்தத்தில் சோதித்துப் பார்க்கலாம்.

வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்தவர்களுக்குக் கருப்பை வளரும்போது பழைய தழும்பு இழுப்பது போல நோகும். அது வழமை. ஆனால் விட்டுவிட்டு முறுக்கும் கடும் வயிற்றுக்குத்து, வயிறு ஊதல், மலமும் காற்றும் போகாமை, சத்தி என்று சேர்ந்து வந்தால் குடல் சிக்கியிருக்கலாம். மசக்கைச் சத்தி என்று இருந்துவிடாதீர்கள். ஒரு சிறுநீரகம் மட்டும் உள்ளவர்களுக்குப் பிரஷரையும் சலத்தையும் அடிக்கடி பார்க்க வேண்டும். இடுப்பெலும்பு உடைந்தவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள் எப்படிப் பிரசவிப்பது என்பதை மகப்பேற்று நிபுணர் ஆறுதலாகத் திட்டமிட வேண்டும். அதற்கு எட்டாம் மாதத்தில் போய் நிற்பது போதாது.

சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்கள் பிள்ளை பெறமுடியாது என்று ஊரில் சொல்வார்கள். பெறலாம். கருப்பைக்கு நடக்கத் தெரியவேண்டியதில்லை. ஆனால் சலத்தொற்று, படுக்கைப்புண், காலில் இரத்தம் கட்டியாதல் ஆகியவற்றுக்கான வாய்ப்பு அவர்களுக்குக் கூட. தொடக்கத்திலிருந்தே நிபுணரின் பார்வையில் இருக்க வேண்டும். பொய்க்கால் போட்டிருப்பவர்களுக்கு நிறை கூடும்போதும் வீக்கம் வரும்போதும் அது இறுகும், உரசும். புண் வர முன்னர் கழற்றிக் காட்டுங்கள். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையத்தினர் இதைப் பார்த்துச் சரிசெய்யப் பழகியவர்கள். பாசி பிடித்த கிணற்றடியில் தனியே முழுகுவதை இந்த ஒன்பது மாதமும் விடுங்கள்.

தலையில் காயப்பட்டு அதனால் வலிப்பு வருபவர்களுக்கு இன்னும் அவசரம். வலிப்புக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்றான சோடியம் வல்ப்ரோயேற் முதல் கிழமைகளில் பிள்ளையின் முள்ளந்தண்டையும் மூளையையும் பாதிக்கக்கூடியது. அதற்காக நீங்களாக நிறுத்தவும் கூடாது. வலிப்பு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. கர்ப்பமாக முன்னரே மருத்துவரிடம் போனால் மருந்தை மாற்றுவார், போலிக் அமிலமும் கூடிய அளவில், 5 மில்லிகிராம், தருவார். கர்ப்பம் தெரிந்த பின் என்றால் அதே கிழமை போங்கள்.

காய நோவுக்காகப் பல வருடங்களாக டைகுளோபினாக், இபுபுரோபன் போன்ற குளிசைகளை பார்மசியில் வாங்கிப் போடுபவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்தக் காலத்தில் நோவுக்குப் பரசிற்றமோல்தான், அதுவும் அளவோடு. நித்திரைக்கும் மனத்துக்கும் குளிசை எடுப்பவர்களும் அவற்றைத் திடீரென்று நிறுத்தாமல், போய்க் கேளுங்கள். காயப்பட்டபோது இரத்தம் ஏற்றப்பட்டவர்கள் அதைச் சொல்லுங்கள். பிறர் இரத்தம் ஏற்றிய சிலரின் உடம்பில் பிள்ளையின் குருதியைத் தாக்கும் எதிர்ப்பொருட்கள் உண்டாகியிருக்கலாம், சோதித்தால் தெரியும்.

இனி, ஏன் சொல்லாமல் விடுகிறார்கள் என்பது. எனக்குத் தெரியும். காயம் என்றால் எங்கே பட்டது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய் என்ற கேள்வி பின்னால் வரும் என்ற பயம். முன்னாள் போராளி என்று அட்டையில் ஏறிவிடும் என்ற பயம். கலியாணத்தின்போது மறைத்த காயம் மாமியாருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். காயம் உடம்பில் எங்கே, எந்த வருடம், என்ன சத்திரசிகிச்சை, உள்ளே என்ன இருக்கிறது, இந்த நான்கும் மருத்துவத்துக்குப் போதும். எந்தப் பக்கம் நின்றபோது பட்டது என்பது மருத்துவக் கேள்வி அல்ல. யாராவது கேட்டால் பதில் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கில்லை. மாமியோ கணவரோ பக்கத்தில் நின்றால், “மிஸ், உங்களோட தனியக் கதைக்க வேணும்” என்று சொல்லுங்கள். மருத்துவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மிஸ்ஸையோ தாதியையோ மொழிபெயர்க்கக் கேளுங்கள், தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

சாப்பாடு

முதல் மூன்று மாதங்களில் இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டியதில்லை. உள்ளது வயிற்றில் தங்கினாலே போதும். முருங்கையிலை, பொன்னாங்காணி, பயறு, கௌபி, முட்டை, நெத்தலி, சூடை போன்ற சின்ன மீன்கள், இவை விலை கூடிய சத்துமாவுகளுக்குக் குறைந்தவை அல்ல. பிளேன்ரீயைச் சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். தேசிக்காய்த் தண்ணீர் அதற்கு நேர்மாறு. இரும்பைச் சேர்க்க உதவும்.

பழுத்த பப்பாசிப்பழம் பிள்ளையைக் கலைக்காது. பால் வடியும் காயைத்தான் தவிர்க்க வேண்டும். அன்னாசி ஓரிரு துண்டு சாப்பிட்டதால் ஒன்றும் நடவாது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை கொடுப்பது எங்கள் வழக்கம். ஆனால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சுறா வேண்டாம். பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். குருதிச்சோகைக்கு ஈரல் நல்லது என்பார்கள். அதில் விற்றமின் ஏ மிக அதிகம். முதல் மாதங்களில் ஒதுக்குங்கள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிப்பதில் முட்டையை அவியுங்கள். புகையிலை வைத்த வெற்றிலையை விடுங்கள்.

திரிபோஷா கிடைக்கும்போது அது தாய்க்கென்று கிடைப்பது. வீட்டில் நான்கு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கத் தாய் தனியே சாப்பிடமாட்டாள், அதுவும் எனக்குத் தெரியும். அதனால் மற்றப் பிள்ளைகளின் நிறையையும் மிஸ்ஸிடம் காட்டுங்கள். குறைவென்றால் அவர்களுக்கும் தனியாகக் கிடைக்கும். கர்ப்பவதிகளுக்கான போஷாக்குக் கொடுப்பனவு பதிந்தவர்களுக்குத்தான் வரும். நேரத்தோடு பதிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வழமையான வீட்டு வேலை, நடை, தையல் எல்லாம் செய்யலாம். வயலுக்கும் தோட்டத்துக்கும் மருந்து கலப்பது, அடிப்பது, அடித்த உடுப்பைத் தோய்ப்பது வேறு யாராவது செய்யட்டும்.

உடனே போக வேண்டிய நேரங்கள்

இரத்தம் ஒரு துளி பட்டாலும் மிஸ்ஸுக்குச் சொல்லுங்கள். பல தடவை அது தானாக நின்று கர்ப்பமும் நிற்கும். ஆனால் எது நிற்கும், எது நிற்காது என்று வீட்டிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் கடும் குத்து, தோள்மூட்டில் நோ, கண் இருட்டி மயக்கம் என்றால் கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம். அது உயிர் போகும் விடயம். இரத்தம் வெளியில் தெரியாமலே உள்ளே போகும். 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

காய்ச்சல் வந்தால் முதல் நாளே வைத்தியசாலைக்குப் போங்கள். டெங்கு கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்கும். வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரலாம். சலம் எரிந்தால் அதுவும் மருந்து எடுக்க வேண்டிய தொற்று. இளநீர் குடித்தால் போய்விடும் என்று நாள் கடத்தாதீர்கள்.

அடையாளம் காணப்பட்ட கர்ப்பங்களில் 10 முதல் 20 வீதமானவை கலைந்துவிடுகின்றன. அநேகமாக, கருவின் நிறமூர்த்தங்களில் தொடக்கத்திலேயே நேர்ந்த பிழையால். வாளி தூக்கியதால் அல்ல, சைக்கிள் ஓடியதால் அல்ல, செத்த வீட்டுக்குப் போனதால் அல்ல, ஒருவரின் கண்ணாலும் அல்ல. “நீ கவனமா இருக்கேல்லை” என்று அந்த நேரத்தில் ஒரு பெண்ணிடம் சொல்வதைப் போலக் கொடுமை குறைவு. ஒரு முறை கலைந்தவர்களில் பெரும்பாலானோர் அடுத்த முறை நல்லபடி பெறுகிறார்கள்.

வேண்டாத கர்ப்பமும் வரும். இந்த நாட்டில் தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு அன்றிக் கருக்கலைப்புச் சட்டவிரோதம். அதனால் களவாக விற்கும் குளிசைகளை வாங்கிப் போட்டு, இரத்தம் நிற்காமல், கேள்வி கேட்பார்கள் என்று வீட்டுக்குள் இருந்தவர்களைத் தெரியும். எப்படிக் கலைந்திருந்தாலும் இரத்தப்போக்குக்கும் காய்ச்சலுக்கும் வைத்தியசாலையில் சிகிச்சை உண்டு. என்ன குளிசை, எத்தனை என்று மருத்துவரிடம் சொன்னால் உயிரைக் காப்பாற்றுவது சுலபம்.

மனம்

2009இல் பிள்ளையைப் பறிகொடுத்து, பிறகு திரும்பக் கர்ப்பமான தாய்மார் சிலரைப் பார்த்திருக்கிறேன். சந்தோசப்பட அவர்களுக்குப் பயம். பெயர் யோசிக்கமாட்டார்கள், துணி வாங்கமாட்டார்கள். ஸ்கான் அறையின் இருட்டு, மல்லாந்து படுப்பது, யாரோ வயிற்றில் கை வைப்பது, இவை பங்கரையும் முகாமையும் இன்னும் சொல்ல முடியாத சிலதையும் கொண்டுவரும். வைகாசி மாதம் வந்தாலே நித்திரை போய்விடுபவர்களும் உண்டு. இது பைத்தியமல்ல. பரிசோதனைக்குப் பெண் மருத்துவரைக் கேட்கலாம், ஒருவரைக் கூட்டிப்போகலாம், “கொஞ்சம் நிப்பாட்டுங்கோ” என்று சொல்லலாம். இரண்டு கிழமைக்கு மேல் சாப்பாடும் நித்திரையும் போய், சாகவேண்டும் போல எண்ணம் வந்தால் உளநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 இலக்கத்துக்கும் பேசலாம். கர்ப்பகாலத்தில் கணவரின் அடி தொடங்குவதும், கூடுவதும் உண்டு. பெரிய வைத்தியசாலைகளில் ‘நட்பு நிலையம்’ என்று ஒரு இடம் இருக்கிறது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

பன்னிரண்டாவது கிழமை கடந்ததும் கருப்பை இடுப்பெலும்புக்கு மேலே கைக்குத் தட்டுப்படத் தொடங்கும். ஓங்காளம் குறையும், பசி திரும்பும். இரும்பு, கல்சியம், விற்றமின் சி குளிசைகள் தொடங்கும், பூச்சி மருந்தும் தருவார்கள். இரும்பையும் கல்சியத்தையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். ஒன்று மற்றதைத் தடுக்கும். மலம் கறுப்பாகப் போனால் அது இரும்புக் குளிசையின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. 24 முதல் 28 கிழமைக்குள் சீனிச் சோதனை இன்னொரு முறை வரும். முதற்பிள்ளை என்றால் 18 முதல் 20 கிழமையளவில் பிள்ளை அசைவது தெரியும். தொடக்கத்தில் வயிற்றுக்குள் காற்று ஓடுவது மாதிரித்தான் இருக்கும். அந்தத் திகதியைக் குறித்து வைத்து அடுத்த கிளினிக்கில் அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.